முந்நூற்றுப் பதின்மூன்றாம் வரிசை

லாரிகள் கரும்போடு ஏறுகின்றன,
வெறுமையாகத் திரும்பி இன்னொரு முறை ஏறுகின்றன.
எடைமேடை அசையும்போதெல்லாம்
என் மேசைக் காபியில் வட்டம் வட்டமாக அலை.
ரெயூனியன் தீவு, சேந்தாந்த்ரே,
அக்டோபரின் கடைசி வெள்ளி.

காரைக்காலில் படித்த கணக்கு
இங்கே பாதிதான் செல்லுபடி.
எக்செல் பிரெஞ்சு பேசும்.
கூட்டலை சொம் என்னும்,
புள்ளி வைக்கிற இடத்தில் காற்புள்ளி கேட்கும்.
அதன் அடியில் ஓடும் மேக்ரோவோ
ஆங்கிலத்தில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.
நடுவில் நான்,
இரண்டையும் தமிழில் திட்டிக்கொண்டு.

செல்லுக்குள் எண்கள் வலப்பக்கம் சாயும்.
புள்ளியோடு வந்த எண் மட்டும்
எழுத்து என்று எண்ணிக்கொண்டு
இடப்பக்கம் ஒதுங்கிவிடும்.
கூட்டலில் எழுத்துக்குப் பங்கு கிடையாது.
சாய்வைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
கணக்கில் சேராதது எது என்று.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜன்னலில் ஒருவர்.
ரெக்ஸ் கரூப்பாயே.
எங்கள் ஊரில் அது ஒரு பெண்ணின் பெயர்,
அதை நான் சொல்லவில்லை.
ரப்பர் பேண்டு போட்ட எடைச்சீட்டுக் கட்டு,
நாற்பத்தோரு டன்,
ஒரு சல்லி வரவில்லை.
அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திறந்து பார்த்தேன்.
மே மாதம் நான் எழுதியது:
A2 முதல் F312 வரை.
அன்றைக்கு முந்நூற்றுப் பதினோரு பேர், சரியாகத்தான் எழுதினேன்.
இவர் ஆகஸ்டில் வந்தவர்,
அண்ணனின் குத்தகையை எடுத்துக்கொண்டு,
ஒரு வரிசை தள்ளி.

வரை.
எல்லைக்கும் மலைக்கும் எங்களிடம் ஒரே சொல்.
மேக்ரோ இவரை மறக்கவில்லை,
நான் நிறுத்திய இடத்தில் நின்றது, அவ்வளவுதான்.

"அப்போ நான் கீழே இருக்கேனா?" என்றார் கிரியோலில்,
கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்து.
கீழேதான் இருக்கிறீர்கள்.
உள்ளே இல்லை.

ரேஞ்சைக் கலைத்து டேபிள் ஆக்கினேன்.
கரும்பு என்று பெயர் வைத்தேன்.
இனி கடைசிப் பெயருக்கு அடியில் ஒரு பெயர் தட்டினால்
தானே விரியும்,
பந்தியில் இன்னொரு இலை விழுந்ததும்
சொல்லாமலே நகர்ந்து உட்காருகிறவர்கள் மாதிரி.

அப்புறம் வெற்று வரிசைகள்.
மேலிருந்து அழித்துக்கொண்டு வந்தால்
ஒன்று போன இடத்தில் அடுத்தது ஏறி நிற்கும்,
எண்ணுகிற விரல் அதைத் தாண்டிப் போய்விடும்.
ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு
காவலாளி விளக்கணைக்கக் காத்திருக்கையில் கற்றது இது.
அதனால் கீழிருந்து மேலே,
ஸ்டெப் மைனஸ் ஒன்று.
கரும்பையும் அடியில்தானே வெட்டுகிறார்கள்.

ஓட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்தேன்.
மேக்ரோ செய்ததை
கண்ட்ரோல் இசட் திருப்பித் தராது, கையை விரிக்கும்.

திரை உறைந்தது.
ஒரு லாரி ஏறியது.
காபி நடுங்கியது.
முந்நூற்றுப் பதின்மூன்றாம் வரிசையில்
அவருடைய எண் வந்தது,
வலப்பக்கம் சாய்ந்து, அழகாக.

அவர் போகவில்லை.
ஜன்னல் விளிம்பில் சீட்டுகளைப் பரப்பி
பென்சிலால் கூட்ட ஆரம்பித்தார்.
என் பின்னால் மூன்று லாரி ஒலிப்பான்கள்.
நிதானமாக, உதடு அசைய, கூட்டினார்.

நாற்பத்தொன்று வரணும்.
திரையில் 37,84.

ஒவ்வொரு சீட்டாகப் போனோம்,
அவர் வாசிக்க நான் தேட.
ஒன்பதாவது.
3.16.
புள்ளியோடு.
இடப்பக்கம் ஒதுங்கி, யாரோடும் சேராமல்,
செப்டம்பரிலிருந்து.

அந்த விரல்பழக்கம் காரைக்காலுடையது.
தட்டியவள் பெயர் நிரலில் என் பெயர்.

யார் என்று அவர் கேட்கவில்லை.
புள்ளியை அழித்துக் காற்புள்ளி வைத்தேன்.
எண் எழுந்து
செல்லின் மறுபக்கம் போனது.